மாலத்தீவுக்கு முதல்முறை போகிறீர்களா? விசா முதல் படகுத்துறை வரை

மாலத்தீவுக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம், அதற்குப் பணமும் கட்ட வேண்டாம். இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். இதை மட்டும் கேட்டுவிட்டு, "அப்புறம் என்ன, டிக்கெட் போட்டால் போதும்" என்று கிளம்புகிறவர்கள்தான் வழியில் தடுமாறுகிறார்கள். முத்திரை விழுவதற்கு முன்னால் காட்ட வேண்டிய தாள்கள் சில உண்டு. அவற்றைத் தலைநகர் மாலேயில் கேட்பதற்கு முன்பே, நீங்கள் புறப்படும் ஊரில் விமான நிறுவனத்தின் கவுண்டரில் கேட்டுவிடுவார்கள். அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், இமிகிரேஷன் அதிகாரியைவிட அந்தக் கவுண்டர் ஊழியர் கறாராக இருப்பார். ஆகவே தயாரிப்பு முழுவதும் அந்தக் கவுண்டரை மனதில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

எத்தனை நாள் தங்கலாம்

சுற்றுலாப் பயணி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பொதுவாக 30 நாள் விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே கணக்குதான். இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் 2025 ஏப்ரல் முதல் நுழைவுத் தடை இருக்கிறது.

இந்தியர்களுக்கு இன்னும் தாராளம். இரு நாடுகளும் செய்துகொண்ட விசா ஒப்பந்தம் 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகப் போனால் 90 நாள் வரை விசா இல்லாமலே இருக்கலாம். நான்கு நாள் ஐந்து நாள் போகிறவருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. தீவு தீவாகச் சுற்ற நினைப்பவருக்கும், டைவிங் படிப்பை நிதானமாக முடிக்க நினைப்பவருக்கும்தான் இதன் அருமை தெரியும். 30 நாள் பிரிவில் வருகிறவர்கள் கூடுதல் நாள் தங்க விரும்பினால், காலம் முடிவதற்கு முன்பே மாலேயில் உள்ள குடிவரவுத் துறையில் கட்டணம் செலுத்தி நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வெளிநாடு போகுமுன் குடியகல்வுச் சோதனை தேவை, என்ற குறிப்பு இருப்பதால் தடுத்துவிடுவார்களோ என்று சிலர் கவலைப்படுவதுண்டு. அந்தச் சோதனை குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மாலத்தீவு அந்தப் பட்டியலில் இல்லை. போதாததற்கு, நீங்கள் போவது சுற்றுலாவுக்கு.

ஆனால் சுற்றுலா என்றால் சுற்றுலா மட்டும்தான். கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை பார்க்க அனுமதி இல்லை. திருமணத்துக்குப் பிந்தைய படப்பிடிப்புக்காகக் கேமராக் குழுவையே கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் பெருகியிருக்கிறது. புதுமணத் தம்பதி பயணிகள், சரி. சம்பளத்துக்கு வரும் படப்பிடிப்புக்காரர் பயணியா? இந்தக் கேள்வியை அதிகாரி கேட்பதற்கு முன்பே ரிசார்ட்டிடம் சொல்லி, தேவையான அனுமதியை வாங்கச் சொல்லிவிடுங்கள். டிரோன் கொண்டுபோவதும் இந்த வகைதான். தனியாக அனுமதி வேண்டும், பறக்கவிட ரிசார்ட்டின் சம்மதமும் வேண்டும். அனுமதி கையில் இல்லையென்றால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது.

முதல் வேலை: பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

இயந்திரம் படிக்கக்கூடிய பாஸ்போர்ட் வேண்டும். அதாவது புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும் அச்சாகியிருக்க வேண்டும். மாலத்தீவு அரசு கேட்பது குறைந்தது ஒரு மாத செல்லுபடிக்காலம். அரசு ஒரு மாதம் என்று சொன்னாலும், கவுண்டரில் ஆறு மாதம் எதிர்பார்ப்பவர்கள் உண்டு. மற்ற பல நாடுகள் ஆறு மாதம் கேட்பதால் வந்த பழக்கம் அது. வாதாடி ஜெயிக்கலாம்தான். ஆனால் விடியற்காலை விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டு வாதாட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் மட்டும் வைத்துப் பழகிய நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாக நிற்கும். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள். பிறகு நிரப்பப்போகும் படிவத்திலும் அதே பெயர்தான் போக வேண்டும்.

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் தேவை.

இரண்டாவது: எந்த நேரத்தில் இறங்குகிறீர்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன் தீவைத் தேர்ந்தெடுங்கள். அறை, டிக்கெட், தீவுக்குப் போகும் வண்டி மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. மலிவாகக் கிடைத்ததே என்று டிக்கெட்டை முதலில் வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் வேறு பக்கம் போய்விடும்.

மாலத்தீவு வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் நாடு. சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. பெரும்பாலான பயணிகள் இறங்குவது மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே தீவில் இருக்கும் வெலானா பன்னாட்டு விமான நிலையத்தில். அங்கிருந்து தங்கும் தீவுக்குப் போக மூன்று வழிகள் உண்டு: ஸ்பீட்போட், கடல் விமானம் எனப்படும் சீப்ளேன், உள்நாட்டு விமானமும் அதைத் தொடர்ந்து படகும்.

சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தண்ணீரில் இறங்குகிற விமானத்துக்கு விளக்கு வரிசை போட்ட ஓடுபாதை கிடையாது, விமானிக்குக் கண்தான் துணை. அதனால் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் மாலேயில் இறங்குகிறவர்களுக்கு அன்றைய சீப்ளேன் பொதுவாகக் கிடைக்காது. அப்படியானால் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ மாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் அதுவும் போச்சு. திரும்பும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். விடிந்த பிறகுதான் சீப்ளேன் கிளம்பும் என்பதால், மாலேயிலிருந்து அதிகாலை விமானம் பிடிக்கிறவர் முந்தின நாளே தீவைக் காலி செய்ய வேண்டியிருக்கும். மாலை விமானத்தில்தான் வர முடியும் என்றால் ஸ்பீட்போட் போகிற பக்கத்துத் தீவைப் பாருங்கள், அல்லது இரவிலும் பறக்கும் உள்நாட்டு விமானம் போகிற தீவைத் தேர்ந்தெடுங்கள்.

சீப்ளேன் டிக்கெட்டை நாமாகப் போய் வாங்குவது வழக்கமில்லை. ரிசார்ட்தான் ஏற்பாடு செய்யும், நேரத்தையும் பெரும்பாலும் முந்தின நாள்தான் சொல்லும். அறை விலையோடு இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது. தலைக்குப் பல நூறு டாலர் ஆகிற விஷயம் இது. "நான்கு இரவு இவ்வளவுதான்" என்று கண்ணைப் பறிக்கும் விலையின் அடியில் இது சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் சீப்ளேனில் வழக்கமான அளவு. பன்னாட்டு விமானம் 30 கிலோ அனுமதித்ததே என்று அங்கே பேச முடியாது, கூடுதல் எடைக்குக் காசு கேட்பார்கள்.

மூன்றாவது: அறைப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும்

நுழைவதற்குத் திரும்பிப் போகும் டிக்கெட், அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட் உறுதியாகக் கையில் இருக்க வேண்டும். தங்கும் நாள் முழுவதற்கும் அறைப் பதிவு இருக்க வேண்டும். செலவுக்குப் போதிய பணம் இருப்பதையும் கேட்டால் காட்ட வேண்டும். கெஸ்ட் ஹவுஸ்களில் "வந்து பணம் கொடுத்தால் போதும்" என்ற வகைப் பதிவு உண்டு. அந்த வகை என்றால் உறுதிக் கடிதத்தில் விடுதியின் பெயர், தீவின் பெயர், தொலைபேசி எண், உங்கள் பெயர், தேதிகள் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். இரண்டு மூன்று தீவில் தங்கப் போகிறீர்கள் என்றால் எல்லாப் பதிவையும் வரிசையாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு மட்டும் அறை போட்டுவிட்டு மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற முதுகுப்பைப் பயண முறை பல நாடுகளில் செல்லும். இங்கே அதை முயல வேண்டாம்.

மொபைலில் இருக்கிறதே, அச்சு எதற்கு என்று தோன்றலாம். இறங்கியதும் சிம் இருக்காது, விமான நிலைய வைஃபை எப்போது ஒத்துழைக்கும் என்று தெரியாது. இரண்டு தாள் அச்செடுக்க ஆகும் செலவைப் பார்க்காதீர்கள்.

நான்காவது: இமுகா படிவம்

பயணிகள் ஒவ்வொருவரும் இணையத்தில் நிரப்ப வேண்டிய உறுதிமொழிப் படிவத்தின் பெயர் இமுகா. புறப்படும் விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள், அதாவது நான்கு நாளுக்குள், நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் நிரப்பினால் பயனில்லை. கட்டணம் ஒரு காசு கூடக் கிடையாது.

கட்டணம் கிடையாது என்பதைத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூகுளில் தேடினால் அரசுத் தளத்தைப் போலவே வேடம் போட்ட தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். கொடி, முத்திரை, "மாலத்தீவு நுழைவு அனுமதி" என்ற தலைப்பு எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கார்டு எண்ணைக் கேட்கும். கார்டு கேட்டாலே அது அரசுத் தளமில்லை என்று முடிவுகட்டி வெளியே வந்துவிடுங்கள். உண்மையான தளத்தின் முகவரி ‘இமிகிரேஷன் டாட் கவ் டாட் எம்வி’ என்று முடியும். முகவரிப் பட்டையில் அதைப் பார்த்த பிறகே பாஸ்போர்ட் படத்தை ஏற்றுங்கள். போலித் தளத்தில் போவது பணம் மட்டுமல்ல, பாஸ்போர்ட் நகலும் யாரோ ஒருவர் கைக்குப் போகிறது.

படிவத்தில் கேட்பது இவைதான்: பாஸ்போர்ட் விவரமும் புகைப்படப் பக்கத்தின் படமும், உங்கள் முகப்படம், விமான எண், தேதி, தங்கும் இடம், உடல்நலம் பற்றிய சில கேள்விகள். வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படங்களை முன்பே மொபைலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும். மாறிப் போகும் விமானம் என்றால், மாலேயில் போய் இறங்கும் கடைசி விமானத்தின் எண்ணைக் கொடுங்கள். சென்னையிலிருந்து கொழும்பு வழியாகப் போகிறவர் கொழும்பு–மாலே விமானத்தின் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். நிரப்பி முடித்ததும் கியூஆர் கோடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலில் சேமியுங்கள், அச்சும் எடுங்கள். புறப்படும் கவுண்டரில் முதலில் கேட்கப்போவது அதைத்தான். வரிசையில் நின்றுகொண்டு படபடப்போடு படிவம் நிரப்பும் குடும்பம் ஒன்றை எந்த மாலே விமானத்தின் கவுண்டர் பக்கமும் பார்க்கலாம். பாவமாகத்தான் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் சான்று

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராகப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருகிறவர்களும், அந்த நாடுகள் வழியாக நீண்ட நேரம் காத்திருந்து வருகிறவர்களும் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். நைஜீரியாவிலோ உகாண்டாவிலோ வேலை பார்க்கும் கணவர் அங்கிருந்து மாலேக்கும், மனைவி ஊரிலிருந்து மாலேக்கும் வந்து சேர்வது என்று திட்டம் போடும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கணவரின் பெட்டியில் மஞ்சள் அட்டை எனப்படும் இந்தச் சான்று இருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. முன்பே போட்டவர்கள் திரும்பப் போட வேண்டாம். 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்ட ஊசியின் சான்று ஆயுள் முழுவதும் செல்லும்.

பெட்டி கட்டும்போது

விசாவைவிட இங்கேதான் கவனம் தேவை. மாலேயில் இறங்கியதும் பெட்டிகள் எக்ஸ்ரே வழியாகத்தான் வெளியே போகும். அது இஸ்லாமியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட நாடு. ரிசார்ட் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

மது கொண்டுபோகக் கூடாது. வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய, சீல் பிரிக்காத பாட்டிலும் உள்ளே போகாது. கஸ்டம்ஸ் அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுக்கும். நாட்டைவிட்டுக் கிளம்பும்போது ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மது கிடைப்பது ரிசார்ட்டுகளிலும், பயணிகள் தங்கிச் செல்லும் உல்லாசப் படகுகளிலும்தான். மக்கள் குடியிருக்கும் தீவுகளில் கிடையாது.

பன்றி இறைச்சியும் அது சேர்ந்த பொருள்களும் கூடாது. ஆபாசப் படங்கள், ஆயுதம், வெடிபொருள், மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி எதுவும் கூடாது. நாய் கொண்டுபோக முடியாது. போதைப்பொருளுக்குத் தண்டனை மிகக் கடுமை, "கொஞ்சம்தான்" என்ற பேச்சே எடுபடாது.

தடைப் பட்டியலில் வழிபாட்டுச் சிலைகளும் உண்டு. பயணத்துக்குத் துணையாக ஒரு சிறிய பிள்ளையாரையோ முருகனையோ பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அம்மா கடைசி நேரத்தில் சொல்லாமலே வைத்துவிடுவார். பெட்டியை மூடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சாமியை வீட்டிலேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

மின் சிகரெட், அதாவது வேப், 2024 இறுதியிலிருந்து முழுத் தடை. வைத்திருப்பதும் குற்றம், பயன்படுத்துவதும் குற்றம், பயணிக்கும் விலக்கு இல்லை. பயன்படுத்தினால் அபராதம் 5,000 ருஃபியா, அதாவது 300 டாலருக்கு மேல். சாதாரண சிகரெட்டிலும் புதிய விதி வந்திருக்கிறது. 2007 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் புகையிலைப் பொருள் எதையும் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தத் தடை வெளிநாட்டுப் பயணிகளையும் கட்டும். கல்லூரி நண்பர்கள் கூட்டமாகப் போகிறவர்கள் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகளை அட்டை பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். காய்ச்சல் மாத்திரைக்கு யாரும் கேட்கப்போவதில்லை. தூக்க மாத்திரை, மனநல மருந்து, கடும் வலிக்கான மாத்திரை என்றால் சீட்டு இல்லாமல் போவது வம்பு. சிறு டப்பாவில் எல்லா மாத்திரையையும் கலந்து கொட்டி எடுத்துப் போகும் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

மின் இணைப்பு பெரும்பாலும் பிரிட்டன் பாணி, மூன்று செவ்வக முனை. ஒரு அடாப்டர் வைத்துக்கொண்டால் போதும்.

இறங்கியதும்

இமிகிரேஷன் வரிசையில் பாஸ்போர்ட், இமுகா கியூஆர் கோடு, அறைப் பதிவு மூன்றையும் கையில் வைத்திருங்கள். கேள்வி அதிகம் இருக்காது. எத்தனை நாள், எந்தத் தீவு, எங்கே தங்குகிறீர்கள். தீவின் பெயரையும் விடுதியின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்கட்டும். "டிராவல்ஸ்காரருக்குத்தான் தெரியும்" என்ற பதில் நல்ல பதிலல்ல. முத்திரையில் தேதி சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வெளியே வந்தால் ரிசார்ட்டுகளின் ஆட்கள் பெயர்ப் பலகையோடு நிற்பார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் எங்கே, யார் வருவார் என்று முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு வைத்திருக்க வேண்டும். டிராகு, ஊரிடு இரண்டும்தான் தொலைபேசி நிறுவனங்கள், சிம் விமான நிலையத்திலேயே வாங்கலாம். மாலேக்கும் ஹுல்ஹுமாலேக்கும் சாலை வழியாகவே போய்விடலாம். 2018-ல் திறந்த சினமாலே பாலம் விமான நிலையத் தீவை மாலேயோடு இணைக்கிறது.

பொதுப் படகுகள் உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் நாளெல்லாம் ஓடாது, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவு இறங்கி, வெள்ளி காலை மலிவுப் படகில் போய்விடலாம் என்று போடும் திட்டம் நடக்காது.

நேரம் பற்றி ஒன்று. மாலத்தீவு நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் விருந்தினர் கூடுதல் வெளிச்சத்தை அனுபவிக்கட்டும் என்று தங்கள் தீவின் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்கின்றன. மொபைல் ஒரு நேரம் காட்டும், அறைக் கடிகாரம் இன்னொன்று காட்டும். படகு நேரம் சொல்லும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு எப்போதும் மாலே நேரம்தான்.

வரியும் கட்டணமும்

விசா இலவசம் என்றால் அரசு சும்மா விடுகிறது என்று பொருளல்ல. வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறது.

பசுமை வரி: ரிசார்ட்டுகளிலும் 50 அறைக்கு மேல் உள்ள பெரிய ஓட்டல்களிலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். உள்ளூர்த் தீவுகளில் 50 அறை வரை உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர். 2025 ஜனவரி முதல் இந்த விகிதம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிடையாது. கணவன், மனைவி, ஐந்து வயதுக் குழந்தை மூவரும் ரிசார்ட்டில் நான்கு நாள் இருந்தால் 144 டாலர். அதே மூவர் கெஸ்ட் ஹவுஸில் என்றால் 72. இது பெரும்பாலும் விடுதிக் கணக்கில்தான் வரும், முன்பதிவுத் தளத்தில் கட்டிய தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுலாச் சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அதோடு விடுதிகள் வழக்கமாக 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேர்க்கும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், இவை இரண்டும் இன்னும் சேரவில்லை என்று பொருள். பத்து டாலர் என்று நினைத்த சாப்பாடு கணக்குத் தாளில் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வெளியேறும் வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் தனி. வெளிநாட்டவருக்கு எகானமி வகுப்பில் ஒவ்வொன்றும் 50 டாலர், ஆக மொத்தம் 100. பிசினஸ் வகுப்பில் 240. இது 2024 டிசம்பரிலிருந்து. டிக்கெட் விலையிலேயே சேர்ந்திருக்கும், கவுண்டரில் தனியாக யாரும் கேட்க மாட்டார்கள். மாலே டிக்கெட்டின் வரிப் பகுதி ஏன் இவ்வளவு வீங்கியிருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான்.

கையில் டாலர் கொண்டுபோங்கள், கிழிசலும் எழுத்தும் இல்லாத நோட்டாக. ரிசார்ட்டில் எல்லாமே டாலர், கார்டு. உள்ளூர்த் தீவின் டீக்கடைக்கும் படகுக்கும் கொஞ்சம் ருஃபியா வேண்டும். அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு சுமார் 15.42. தேவைக்கு மேல் மாற்றாதீர்கள், மிஞ்சிய ருஃபியாவை வேறு நாட்டில் மாற்றுவது கடினம்.

உள்ளூர்த் தீவில் தங்கினால்

மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற உள்ளூர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் பெருகிய பிறகு, ரிசார்ட்டுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கும் இந்த நாடு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவர் இரண்டு நாளாவது அங்கே தங்க வேண்டும். ரிசார்ட்டில் இருந்தால் கடலைப் பார்க்கலாம், நாட்டைப் பார்க்க முடியாது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறி போய்ச் சேரும் நாடு என்பது மாலே சந்தையில் நடந்தால்தான் உறைக்கும்.

அங்கே நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறையும் உடை. இது ஆணுக்கும் பொருந்தும், சட்டையில்லாமல் தெருவில் நடக்கக் கூடாது. ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் தவிர்க்க வேண்டும். உணவகங்கள் மூடியிருக்கும், கெஸ்ட் ஹவுஸ் உள்ளே ஏற்பாடு செய்து தருவார்கள். ரிசார்ட்டுகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அவசரத்துக்கு போலீஸ் எண் 119, ஆம்புலன்ஸ் 102. பயணக் காப்பீடு கட்டாயமில்லை. இருந்தும் எடுங்கள், டைவிங் செய்கிறவர்கள் அது காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொலைதூரத் தீவிலிருந்து ஒருவரை மாலே மருத்துவமனைக்குக் கொண்டுவருவது என்பது தனி விமானச் செலவு.

திரும்பும்போது

கிளம்புவதற்கும் இமுகா உண்டு. பலர் இதை மறப்பார்கள். வெளியேறும் விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள், இந்தமுறை வெளியேறுகிறவர் என்று தேர்ந்தெடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். ஐந்து நாள் பயணம் என்றால் ரிசார்ட்டுக்குப் போன மறுநாளே நிரப்பிவிடலாம். கடைசி நாள் படகில் சிக்னல் தேட வேண்டியதில்லை.

கடற்கரையில் கிடந்தது என்றாலும் பவளத் துண்டைப் பெட்டியில் போடாதீர்கள். ஆமை ஓட்டில் செய்த பொருளையும் வாங்காதீர்கள், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் சரி. பிள்ளைகள் சட்டைப்பையில் பொறுக்கி வைத்திருப்பதையும் ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள். வரும்போது கஸ்டம்ஸில் பாட்டில் ஒப்படைத்தவர்கள் ரசீதைக் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு, செக்-இன் வரிசைக்குப் போகும் முன்பே அதை எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு அதற்காக வெளியே விட மாட்டார்கள்.